பன்னிரண்டு கிளிக்

அத்தியாயம் பதினான்கு

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர். அவருக்கு எதிரே, ஒரு காலை மடக்கி நாற்காலிமேல் வைத்தபடி என் நாத்தனார். சமையலறைப் பக்கமாக, எழுந்து எழுந்து போக வசதியாக, நான்.

நாலாவது நாற்காலி காலி. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் அதில் வந்து உட்கார்ந்து, எங்கள் பேப்பரை எங்களுக்கு முன்னால் பிரித்துப் படித்து, எங்கள் டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று குறை சொல்லிவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக் கண் டாக்டர் அன்று வரவில்லை. பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முந்தின நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் துப்பாக்கி கிளப்பில் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாகத் துப்பாக்கி அறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டி; டாக்டரும் என் நாத்தனாரும் அதில் சுட்டார்கள். டாக்டர் சுட்ட பத்துக் குண்டும் அட்டையின் வலது ஓரத்தில் போய் விழுந்தன. மனுஷர் துப்பாக்கியை மேஜைமேல் தொப்பென்று போட்டார். "மெக்கானிக் என் துப்பாக்கியில கை வெச்சிருக்கான்! தங்கச்சி ஜெயிக்கணும்னு அண்ணன் பண்ணின வேலை!" என்று நாற்பது பேர் முன்னால் கத்தினார்.

கிளப் செகரெட்டரி அதே துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்து மூன்று தடவை சுட்டுப் பார்த்தார். மூன்றும் வலது ஓரம். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சீல் போட்டார். திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குக் கமிட்டி. புகார் நிஜம் என்று முடிவானால் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விடும். துப்பாக்கியில் ஏமாற்று வேலை செய்தவர் என்று பெயர் வந்துவிட்டால் வேறு எந்தக் கிளப்பும் வாசல்படி ஏற விடாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

புகாரின் நகல் ஞாயிறு சாயங்காலமே எங்கள் கேட்டுக்குள் வந்து விழுந்தது. டாக்டர் மருந்து எழுதுகிற சீட்டில், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியிருந்தார். மூன்றாவதாக, "உடனடியாக நீக்க வேண்டும்." சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று போடாததுதான் பாக்கி.

"சாப்பிடுங்க," என்றேன்.

"இறங்கல."

"பட்டினி கிடந்தா கமிட்டிக்காரங்க பரிதாபப்பட்டு மாலை போடப் போறாங்களா?"

நாத்தனார் தட்டைத் தள்ளினாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். வாரக் கடைசியில் கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறாள். வாய் அண்ணனுக்கும் சேர்த்து இவளுக்குத்தான்.

"எனக்கு வயிறு எரியுது அண்ணி. சனிக்கிழமைதான் அந்த மனுஷருக்கு நல்லதா ஒரு வார்த்தை சொன்னேன். ஆறு வருஷத்துல முதல் தடவையா நான் சொன்னதைக் கேட்டார். அதுக்கு மறுநாளே இப்படி."

"என்ன சொன்னே?"

"ரெண்டு கண்ணையும் திறந்து சுடறார் இல்ல? இடது கண்ணு குறுக்க வந்து இழுக்குதுன்னு எனக்குத் தோணிச்சு. கண் டாக்டர்கிட்டப் போய் உங்க கண்ணு சரியில்லைன்னு சொல்ல முடியுமா? தொலைச்சுடுவார். அதனால சுத்தி வளைச்சேன். 'சார், பெரிய பெரிய போட்டியிலல்லாம் கண்ணாடியில இடது பக்கம் ஒரு மறைப்பு மாட்டிக்கிட்டுத்தான் நிக்கறாங்க. உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கும்'னேன். எடுப்பா இருக்கும்னதும் வாங்கி மாட்டிக்கிட்டார்."

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த விதத்தில் டீ மேஜையில் சிந்தியது.

"மறைப்புப் போடச் சொன்னியா? ஞாயித்துக்கிழமை அதைப் போட்டுக்கிட்டா சுட்டார்?"

"நீ பாக்கல? கறுப்பா, இத்தனூண்டு."

"நான் உள்ளே துப்பாக்கி அறையில இருந்தேன்." அவர் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "போச்சு. எல்லாம் போச்சு."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "என்னங்க, வாயைத் திறந்து சொல்லுங்க," என்றேன்.

"திருப்பினது நான்தான்."

நாத்தனார் நாற்காலிமேல் மடக்கி வைத்திருந்த காலைக் கீழே இறக்கினாள்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். துப்பாக்கியின் பின்பக்கம், கண்ணை வைத்துக் குறி பார்க்கிற சின்ன வளையம் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் ஒரு திருகு. திருப்பினால் 'கிளிக்' என்று சத்தம் வரும். ஒவ்வொரு கிளிக்குக்கும் குண்டு ஒரு மயிரிழை தள்ளி விழும். டாக்டரின் குண்டுகள் கொஞ்ச காலமாக இடது பக்கமாகவே ஒதுங்கிக்கொண்டிருந்தன. வலது கண் மங்க மங்க, இடது கண் புகுந்து இழுக்கிறது. இவர் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் திருகை வலது பக்கம் நாலு கிளிக் திருப்பி வைத்தார். டாக்டரின் குண்டு நடுவில் விழுந்தது. அடுத்த மாதம் இன்னும் நாலு. அதற்கடுத்த மாதம் இன்னும் நாலு.

"பன்னெண்டு," என்றேன்.

"பன்னெண்டு."

நாத்தனார் எழுந்தே விட்டாள். "அண்ணா! நீ ஒரு பக்கம் திருகை வலது பக்கம் தள்ளி வெச்சிருக்கே. நான் ஒரு பக்கம் இடது கண்ணை மூடச் சொல்லியிருக்கேன். இழுக்கற கண்ணை மூடிட்டா குண்டு எங்க போகும்? நீ தள்ளி வெச்ச இடத்துக்குத்தானே போகும்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

"நான் தங்கச்சி! எனக்குப் புத்தி கம்மி! உனக்கெங்க போச்சு?"

"கத்தாதே. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!"

எனக்கு வந்த கோபத்தில் சிந்திய டீயைத் துடைக்கிற சாக்கில் மேஜையை ஓங்கி ஓர் அடி அடித்தேன். "ஒரே வீட்ல, ஒரே மேஜையில, மூணு வேளையும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துச் சாப்பிடறீங்க. ஊர்க்கதையெல்லாம் பேசறீங்க. அந்த மனுஷர் மனசு நோகக் கூடாதுன்னு ஆளுக்கொரு மூலையில ரகசியமா நல்லது பண்ணியிருக்கீங்க. இப்ப நோகறது யாருக்கு?"

"கமிட்டியில நான் திருப்பினேன்னு ஒத்துக்கறேன்," என்றார் என் வீட்டுக்காரர். "ஏன்னு சொல்ல மாட்டேன். கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அவரைச் சுட விடமாட்டாங்க. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அவருக்கு அந்தக் கிளப்பைத் தவிரப் போக்கிடம் இல்ல."

"நமக்கு இருக்கா?" என்றேன்.

அவர் இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நான் நீர்வாரிய அலுவலகத்தில் தபால் பிரிவில் இருப்பவள். எது எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதுதான் என் வேலை. இது கமிட்டி மேஜைக்குப் போவதற்கு முன்னால் டாக்டர் மேஜைக்குப் போக வேண்டிய விஷயம். ஒருநாள் லீவு சொன்னேன். பத்து மணிக்கு, மடிப்புக் கலையாத பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்தேன்.

"கேட்டை மூடிட்டு வா. நாய் வரும்," என்று உள்ளேயிருந்து குரல். அந்தத் தெருவில் நாயே கிடையாது.

டாக்டர் முன்னறையில் நாற்காலியைக் கோணலாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் வரிசையாக டார்கெட் அட்டைகள். ஒவ்வொன்றின் கீழும் தேதி. எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். பன்னிரண்டு இருந்தன, வாரத்துக்கு ஒன்றாக மூன்று மாசத்துக்கு. எல்லாவற்றிலும் ஓட்டைகள் நடுவட்டத்தில் நெருக்கமாக இருந்தன.

"பேப்பர் கொண்டாந்தேன் சார்."

"உங்க வீட்டுப் பேப்பர் எனக்கு வேண்டாம். சமாதானம் பேச அனுப்பினானா?"

"யாரும் அனுப்பல. நானா வந்தேன்." மெத்தென்று பேச வேண்டும் என்று படியேறும்போதே தீர்மானித்திருந்தேன். "சார், சுடறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு யோசனை. சில பேர் கொஞ்ச காலம் கழிச்சுத் துப்பாக்கியை இடது தோளுக்கு மாத்திக்கறாங்களாம். உடம்புக்கு ஒரு மாறுதலா இருக்குமாம்."

"மாறுதலா?" அவர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "முந்தாநாள் உன் நாத்தனார் எடுப்பா இருக்கும்னு சொன்னா. இன்னிக்கு நீ மாறுதலா இருக்கும்ங்கறே. நாளைக்கு உன் வீட்டுக்காரன் வந்து தலைகீழா நின்னு சுடுங்க, ரத்த ஓட்டத்துக்கு நல்லதுன்னு சொல்வானா? நாப்பது வருஷம் ஜனங்க கண்ணைத் திறந்து பார்த்தவன்மா நான். எனக்குக் குறி பார்க்கச் சொல்லித் தர்றீங்களா?"

"அப்படி இல்ல சார்..."

"பின்ன எப்படி? இதைப் பாரு!" சுவரைக் காட்டினார். "மூணு மாசம்! ஒண்ணு விலகல. இப்படிச் சுட்டவன் போட்டியன்னிக்கு மட்டும் ஓரத்துல போடுவானா? ஒருத்தி கண்ணை மறைக்கச் சொன்னா, ஒருத்தன் திருகைத் திருப்பினான். அண்ணனும் தங்கச்சியும் கூட்டுச் சேர்ந்து பண்ணின காரியம். உன் வீட்டு டீயைக் குடிச்சதுக்கு நல்லாப் பண்ணினீங்க!"

"டீயைக் குறை சொல்லாம ஒருநாள் குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

"சர்க்கரை ஜாஸ்திதான்! அதுக்காகத் துப்பாக்கியைக் கெடுப்பீங்களா?"

அந்த நேரத்தில் அவர் மனைவி, டாக்டரம்மா, உள்ளேயிருந்து அவருக்குக் காப்பி கொண்டுவந்தார். வலது கைப் பக்கம் முக்காலி காலியாக இருந்தது. அதைத் தாண்டிச் சுற்றிப் போய், இடது பக்கம் இருந்த ஸ்டூலில் வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். போன், மாத்திரை டப்பா, மேஜை விளக்கு, எல்லாமே அவருக்கு இடது பக்கம். நாற்காலி கோணலாக இருந்ததும் அதற்காகத்தான். இடது பக்கம் ஜன்னலைப் பார்த்து இருந்தது.

நான் பார்த்ததை டாக்டரம்மா பார்த்தார்.

கேட் வரை கூடவே வந்தார். அவர் யாரிடமும் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசி நான் கேட்டதில்லை. "ஆபரேஷன் கத்தியை அவராத்தான் கீழ வெச்சார். யாரும் வெக்கச் சொல்லல," என்றார். "வலது கண்ணு. வைத்தியம் இல்ல. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சுமா என் வீட்டுக்காரரை நாப்பது பேர் முன்னால..."

"முழுசாக் கேளு. இந்த மூணு மாசமா குண்டு நடுவுல விழுந்துதே, கண்ணு மேற்கொண்டு கெடாம நின்னுடுச்சுன்னு நினைச்சுட்டார். வாராவாரம் அட்டையைக் கொண்டாந்து ஒட்டுவார். 'பாத்தியா, நின்னுடுச்சு'ன்னு சொல்வார். சின்னப் பிள்ளை மாதிரி. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகலாமான்னுகூடக் கேட்டார்." அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நேத்து அந்த செகரெட்டரி சுட்டதும் அவருக்குப் புரிஞ்சிடுச்சு. திருகு அவ்வளவு தள்ளி இருந்தும் தனக்கு நடுவுல விழுந்திருக்குன்னா என்ன அர்த்தம்னு தெரியாதவரா? அதை ஏத்துக்க முடியாமத்தான் உன் வீட்டுக்காரர் மேல பாயறார்."

வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மாதிரி மோசமானது ஒன்றும் இல்லை. டாக்டர்மேல் வந்தது. புரிந்த பிறகும் உட்கார்ந்து நம்பர் போட்டுப் புகார் எழுதினாரே! என் வீட்டுக்காரர்மேல் அதைவிட அதிகமாக வந்தது. போகிற கண்ணைத் திரும்பி வருகிறது என்று ஒரு மனுஷரை மூன்று மாதம் நம்ப வைத்திருக்கிறார், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

கேட்டதை அப்படியே இருவரிடமும் சொன்னேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"பழைய அட்டையெல்லாம் கிளப்புல இருக்கு," என்றாள் நாத்தனார். "எல்லாத்துக்கும் பின்னால தேதி இருக்கு. இடது பக்கமா ஒதுங்கினது மாசவாரியாத் தெரியும். எடுத்து மேஜைமேல விசிறினா முடிஞ்சுது. அவர் எழுதின சீட்டை அவரே முழுங்கட்டும்."

"கூடாது," என்றார் அண்ணன்.

"ஏன் கூடாது? அவர் உன்னைத் திருடன்னு சொன்னப்ப யாராவது கூடாதுன்னாங்களா?"

"வயசான மனுஷர். கூட்டத்துல வெச்சு அவிழ்த்து விடறதா?"

"உன்னை வெச்சு அவிழ்த்தாரே!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்று காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், கோபமாக இருக்கும்போது எழுதாதே என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் மணி ஒன்றே முக்கால். கோபம் ஆறுகிற வரைக்கும் கமிட்டி காத்திருக்காது. முதலில் ஒரு பக்கம் பதமாக எழுதினேன். "தங்களுக்குத் தெரியாததல்ல", "தவறாக எண்ண வேண்டாம்" என்றெல்லாம். படித்துப் பார்த்தால், 'எடுப்பா இருக்கும்' என்று நாத்தனார் சொன்னதுபோலவே இருந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாவது முறை எழுதியது இது:

"மதிப்பிற்குரிய டாக்டர் சார்,

உங்கள் துப்பாக்கியில் பன்னிரண்டு கிளிக் வலது பக்கம் திருப்பியது என் வீட்டுக்காரர்தான். உங்கள் குண்டு நடுவில் விழ வேண்டும் என்று செய்தார். உங்கள் சுவரில் இருக்கிற அட்டைகள் அந்தத் திருகால் வந்தவை. உங்களிடம் சொல்லாமல் செய்தது பெரிய தப்பு. உங்களை வீணாக நம்ப வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. மூன்று பேரும் மன்னிப்புக் கேட்கிறோம்.

அவர் ஏன் செய்தார் என்று நேற்றே உங்களுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் புகார் எழுதினீர்கள். அது உங்கள் தப்பு. அதில் எங்களுக்குப் பங்கில்லை.

சுடுவதைப் பற்றி, இந்தத் தடவை சுற்றி வளைக்காமல். உங்கள் வலது கண் போய்க்கொண்டிருக்கிறது. இடது கண் நன்றாக இருக்கிறது. கமிட்டியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றுங்கள். ஆறு மாதம் கன்னாபின்னாவென்று சுடுவீர்கள். பிறகு கைக்கு வந்துவிடும். என் நாத்தனார் கற்றுக்கொடுப்பாள். திட்டிக்கொண்டேதான் கற்றுக்கொடுப்பாள்.

இன்று நாலு மணிக்குக் கமிட்டியில் என் வீட்டுக்காரர் காரணத்தைச் சொல்ல மாட்டார். உங்களுக்காகத்தான். நீங்கள் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் வராவிட்டால் நாலேகாலுக்கு நான் சொல்வேன்."

சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"கண்ணு போகுதுன்னு அப்படியே எழுதிட்டியே," என்றார் என் வீட்டுக்காரர். "மங்கலா இருக்குன்னு போடேன். நோகும்."

"நோகட்டும்."

"கடைசி வரியையாவது எடுத்துடு."

"அந்த வரி இல்லேன்னா கடுதாசியே வேண்டாம். நீங்க அவர் மானத்தைக் காப்பாத்துங்க. நான் உங்க மானத்தைக் காப்பாத்தறேன். ஆளுக்கொரு வேலை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். நாத்தனார் அதற்கும் கீழே போட்டாள், பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி.

"என்னது, திட்டிக்கிட்டேன்னு எழுதிட்டீங்க அண்ணி?"

"மாட்டியா?"

"திட்டாம யாரு சொல்லித் தருவா அந்த மனுஷருக்கு!"

கடிதத்தை மூன்றாக மடித்தேன். உறையை எடுத்து மேலே 'டாக்டர்' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். அலுவலகத்தில் ஆயிரம் உறை எழுதுகிறவள் நான். என் எழுத்து எப்போதும் ஒரே அளவு. இது அதைப்போல இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அவருக்குப் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கை தானாகவே பெரிதாக்கிவிட்டது. அவர் கேட்கவில்லை. நானும் அவரிடம் சொல்லப் போவதில்லை.

இது பதின்மூன்றாவது கிளிக்.

உறையைக் கிழித்தேன். வேறொன்று எடுத்து, எல்லோருக்கும் எழுதுகிற அளவில், எல்லோருக்கும் எழுதுகிற மாதிரி எழுதினேன். மடிப்பில் பசையைத் தடவி, கட்டைவிரலால் ஓரம் வரைக்கும் அழுத்தித் தேய்த்து ஒட்டினேன்.

"குடு, நான் போட்டுட்டு வரேன்," என்று நாத்தனார் கை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றார் என் வீட்டுக்காரர். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். உறையைச் சாவி தொங்குகிற இடுப்புப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பக்கத்து வீட்டுக் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாய் வராத அந்தத் தெருவில் கேட்டைக் கவனமாக மூடுகிற சத்தம். அதற்கும் பிறகு, அவர்கள் வீட்டுக் கதவின் தபால் துவாரத்துத் தகடு ஏறி இறங்கியது.

மணி இரண்டு நாற்பது.